நாற்பத்திரண்டு சக்கரத்தில் வந்த கல்

பெரோஸ் ஷா கோட்லா என்றதும் நம் ஊரில் முதலில் வாயில் வருவது கும்ப்ளே பெயர்தான். 1999 பிப்ரவரியில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் ஒரே இன்னிங்ஸில் ஒற்றை ஆளாகச் சுருட்டிய மைதானம். 2019-லிருந்து அந்த ஸ்டேடியத்துக்கு அருண் ஜேட்லி பெயர். கிரிக்கெட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்த அசல் கோட்லா, அதாவது கோட்டை, ஸ்டேடியத்தை ஒட்டினாற்போல் இடிந்து கிடக்கிறது. மேட்ச் பார்க்க வருகிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பழைய தில்லியின் தெற்கு வாசலான தில்லி கேட்டில் இறங்கி நடந்தால் பத்து நிமிஷத்து வழி. நடப்பதுதான் சிரமம். தரியாகஞ்ச் பக்கமிருந்து வரும் இ-ரிக்‌ஷாக்கள், பேருந்துகள், பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கின் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஓடுகிறவர்கள், சாலையோரத்தில் சோலே குல்ச்சா விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே அகலத்துக்குள் போக வேண்டும். சாலையின் நடுவிலேயே கூனி தர்வாசா நிற்கிறது. 1857 கலகத்தில் தில்லி ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிய பிறகு கடைசி முகலாய அரசர் பகதூர் ஷாவின் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பேரனையும் ஆங்கிலேய அதிகாரி ஹட்சன் சுட்டுக் கொன்ற இடம். அதைக் கடந்து கிழக்குப் பக்கம் உள்ளே நுழைந்தால் சத்தம் குறைகிறது. புல்தரை, கருத்த சுவர்கள், கூரை போன ஒரு பெரிய மசூதி, அதன் பக்கத்தில் அடுக்கடுக்காகச் சிறுத்துக்கொண்டே போகும் மூன்று தளக் கட்டடம். அதன் உச்சியில் ஒரு கல்தூண்.

இந்தக் கட்டுரை அந்தத் தூணைப் பற்றியது. கோட்டையைக் கட்டியவர் பெரோஸ் ஷா துக்ளக். தூணைச் செய்தவர் அவர் இல்லை. அவர் அதை வரவழைத்தவர். அவருடைய கோட்டைக்கு வந்து சேர்ந்த நாளில் அந்தத் தூணுக்கு வயது ஆயிரத்து அறுநூறு.

முழு நீளம் 42 அடி 7 அங்குலம். அதில் மேலே 35 அடி பளபளப்பாக இழைத்தது, கீழ்ப்பகுதி மண்ணுக்குள் இருக்க வேண்டியது என்பதால் கொத்தியபடியே விட்டது. அடியில் குறுக்களவு மூன்றேகால் அடி இருக்கும். உச்சியில் இரண்டடிக்குச் சற்று மேல். எடை சுமார் 27 டன். ஒட்டு இல்லை, இணைப்பு இல்லை, ஒரே கல். வெளிறிய இளஞ்சிவப்பு மணற்கல். காசிக்குத் தெற்கே கங்கைக்கரையில் இருக்கும் சுனார் மலைக் கல் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கருத்து. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் ஆட்கள் அதை வெட்டி, இழைத்து, இன்றைய ஹரியானாவின் யமுனாநகர் மாவட்டத்தில் இருக்கும் தோப்ரா என்ற ஊரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இமயத்தின் அடிவாரக் குன்றுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கும் சமவெளி ஊர். அந்த முதல் பயணத்தைப் பற்றி அசோகர் தூணில் ஒரு வார்த்தை எழுதவில்லை. தான் நட்ட மரங்களைப் பற்றி எழுதியவர், இவ்வளவு பெரிய கல்லை நகர்த்தியதைச் சாதனையாகவே நினைக்கவில்லை போலிருக்கிறது.

எழுதியது என்ன? நான்கு பக்கமும் கட்டம் கட்டமாக, ஒரு குமாஸ்தாவின் ஒழுங்கோடு, பிராமி எழுத்தில் பிராகிருத மொழியில் ஆணைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. சோழர், பாண்டியர் பெயர் இதில் இருக்குமா என்று தேட வேண்டாம். அவர்கள் பாறைக் கல்வெட்டுகளில் வருகிறார்கள். இது வேறு வகை. உள்நாட்டு நிர்வாகம். அசோகர் பட்டத்துக்கு வந்த 26-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆறு ஆணைகள், அடுத்த ஆண்டு சேர்த்த ஏழாவது. முதல் ஆறும் வேறு தூண்களிலும் உண்டு. ஏழாவது இந்த ஒரு தூணில் மட்டும்தான். நெடுஞ்சாலையில் நிழலுக்கு ஆலமரம் வைத்தது, மாந்தோப்பு போட்டது, கிணறு வெட்டியது, தங்குமிடம் கட்டியது, மனிதனுக்கும் மாட்டுக்கும் தண்ணீர்ப் பந்தல் வைத்தது எல்லாம் அந்த ஏழாவதில் வருகின்றன. கடைசியில், கல்தூணோ கல்பலகையோ இருக்கிற இடங்களிலெல்லாம் இதை வெட்டிவைக்க வேண்டும், நெடுங்காலம் நிலைக்க வேண்டும் என்கிறார்.

ஐந்தாவது ஆணை எனக்குப் பிடித்தது. கொல்லக்கூடாத பிராணிகளின் பட்டியல். கிளி, மைனா, வாத்து வகைகள், வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில், காட்டுப் புறா, வீட்டுப் புறா என்று நீள்கிறது. தர்மத்தைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் முள்ளம்பன்றி வரைக்கும் இறங்கி வந்த அரசரை நம்பலாம் என்று தோன்றுகிறது.

நெடுங்காலம் நிலைக்க வேண்டும் என்றார் அல்லவா, கல் நிலைத்தது; எழுத்தைப் படிக்கிறவர்கள்தான் நிலைக்கவில்லை. சில நூற்றாண்டுகளில் அந்த எழுத்து வழக்கொழிந்தது. 1164 வாக்கில் சாகம்பரி சௌகான் அரசர் நான்காம் விக்ரகராஜன், விசாலதேவன் என்றும் சொல்வார்கள், தூணில் காலியாக இருந்த இடத்தில் தன் வெற்றியை சமஸ்கிருதத்தில் வெட்டிக்கொண்டார். விந்தியம் முதல் இமயம் வரை வென்றதாகவும், மிலேச்சர்களை விரட்டி ஆரியாவர்த்தத்தை மீண்டும் பெயருக்கேற்ற நாடாக ஆக்கியதாகவும் அதில் பெருமை. எந்த மிலேச்சர்களை அவர் விரட்டியதாகச் சொல்கிறாரோ அவர்களது மதத்தைச் சேர்ந்த ஒரு சுல்தான் இரண்டு நூற்றாண்டு கழித்து அந்த வாசகத்தோடு சேர்த்தே தூணைத் தூக்கிக்கொண்டு போனார். வாசகத்தைச் சுரண்டவில்லை. சௌகானும் தனக்கு முன்பிருந்த புரியாத எழுத்தைச் சுரண்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சோ புண்ணியத்தில் தமிழர்களுக்குத் தெரிந்த துக்ளக் முகமது பின் துக்ளக். அவருடைய சித்தப்பா மகன்தான் பெரோஸ் ஷா. 1351-இல் பட்டத்துக்கு வந்து 1388 வரை ஆண்டார். அண்ணன் தலைநகரை தேவகிரிக்கு நகர்த்திச் சிரிப்பாய்ச் சிரித்தது; தம்பி தில்லிக்குள்ளேயே யமுனைக்கரையில் ஃபிரோஸாபாத் என்று ஒரு புது நகரம் கட்டிக்கொண்டார். கோட்லா அந்த நகரத்தின் அரண்மனைக் கோட்டை. வாய்க்கால் வெட்டுவது, பழுது பார்ப்பது, கட்டடம் கட்டுவது என்று பொதுப்பணித்துறை மனசு கொண்டவர். இடி விழுந்து சிதைந்த குதுப்மினாரின் மேல் அடுக்குகளைத் திரும்பக் கட்டியவரும் அவரே.

அவரை மதநல்லிணக்க நாயகராக்க எனக்கு ஆசையில்லை. இடிக்கச் சொன்ன கோயில்களைப் பற்றி அவரே பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். முஸ்லிம் அல்லாதவர்கள் கட்ட வேண்டிய ஜிஸியா வரியை, அதுவரை விலக்குப் பெற்றிருந்த பிராமணர்கள் மேலும் போட்டார். அதே ஆள் நகர்கோட்டில் கிடைத்த சமஸ்கிருத நூல்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் சொன்னார். மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். தூண் விஷயத்தில் அவரை இயக்கியது பக்தியும் இல்லை, பகையும் இல்லை. அதிசயத்தைக் கண்ட ஆசை. சிந்துப் பகுதியின் தட்டா மீது போன படையெடுப்பிலிருந்து திரும்பிய பிறகு வேட்டையும் சுற்றலுமாக இருந்த நாட்களில் இரண்டு தூண்களைப் பார்த்தார்: ஒன்று தோப்ராவில், மற்றது மீரட்டில். இரண்டும் தன் நகரத்துக்கு வேண்டும் என்று முடிவு செய்தார். வழிகாட்டிப் புத்தகங்கள் 1356 என்று போடுகின்றன. தட்டாவுக்குப் பிறகு என்றால் 1360-களின் கடைசியாகத்தான் இருக்க வேண்டும். நான் இதைத்தான் நம்புகிறேன்.

காரணம், சொன்னவர் ஷம்ஸ்-இ சிராஜ் அஃபீஃப். பெரோஸ் ஷாவின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதியவர். தூண் வந்து சேர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பன்னிரண்டு வயதுப் பையன் பார்த்ததைப் பின்னாளில் பெரியவராகி எழுதியிருக்கிறார். அதனால்தான் அந்தப் பக்கங்களில் அரச புகழ்ச்சியைவிடக் கயிறும் மரமும் பஞ்சும் அதிகம்.

ஊர்க்காரர்கள் சொன்ன கதையையும் அவர் விடவில்லை. இந்தத் தூண்கள் பீமன் மாடு மேய்த்தபோது வைத்திருந்த கோல்கள். பாண்டவர் காலத்திலிருந்து நிற்கின்றன. அசோகரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆயிரத்து அறுநூறு வருஷத்தில் ஒரு பேரரசரை மறந்து, அவருடைய கல்லை மட்டும் பீமன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

27 டன் கல்லைக் கீழே சாய்ப்பதுதான் முதல் பிரச்சினை. மணற்கல் நீளவாக்கில் விழுந்தால் துண்டாகிவிடும். சுல்தான் சுற்றுவட்டார மக்களையும் குதிரைப்படை, காலாட்படை எல்லாவற்றையும் வரச்சொன்னார். கருவிகளோடு வரவேண்டும், கூடவே இலவம்பஞ்சும் கொண்டுவர வேண்டும். அந்த அடிவாரக் காடுகளில் இலவ மரத்துக்குக் குறைவில்லை. கிளி காத்துக் காத்து ஏமாந்த பஞ்சுக்கு இப்படி ஒரு வேலை வந்தது. தூணைச் சுற்றி மலைமலையாகப் பஞ்சைக் குவித்தார்கள். பிறகு அடியில் இருந்த மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். தூண் மெல்லச் சாய்ந்து பஞ்சின்மேல் படுத்தது. அப்புறம் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார்கள். பல நாள் கழித்து தூண் ஒரு கீறலில்லாமல் தரையில் கிடந்தது. அடியில் பார்த்தபோது தூணைத் தாங்கி நின்ற பெரிய சதுரக்கல் ஒன்று அகப்பட்டது. அதையும் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

பின்பு தூண் முழுவதற்கும் நாணலைச் சுற்றி, அதன்மேல் பதப்படுத்தாத பச்சைத் தோலைப் போர்த்தினார்கள். பச்சைத் தோல் காயக் காய இறுகும். நாணல் அசையாமல் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். இந்த யோசனை எந்தக் கைவினைஞனுடையது என்று அஃபீஃப் பெயர் சொல்லவில்லை. சுல்தானுக்குத்தான் எல்லா யோசனையும் தோன்றியதாக எழுதுவது அரசவை வழக்கம். தோல் காய்ந்தால் என்ன ஆகும் என்பது சுல்தான்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்தது வண்டி. நாற்பத்திரண்டு சக்கரம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வடம், ஒவ்வொரு வடத்திலும் இருநூறு பேர். கணக்குப் போட்டால் 8,400 பேர். நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவர்களுக்கு இது புரியும்: இழுப்பது பெரிய காரியமில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பதுதான் காரியம். அஃபீஃபும் அதையே சொல்கிறார், அத்தனை ஆயிரம் பேரும் ஒருசேர இழுத்தபோதுதான் வண்டி அசைந்தது என்று. தேருக்கு நான்கு வீதி. இந்த வண்டி யமுனைக்கரை வரை வயல், மேடு, சேறு தாண்டிப் போக வேண்டும். கரையில் சுல்தானே வந்து காத்திருந்தார்.

ஆற்றில் பெரிய பெரிய படகுகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஐயாயிரம், ஏழாயிரம் மணங்கு தானியம் ஏற்றக்கூடியவை சில. மிகச் சிறியது இரண்டாயிரம் மணங்கு. தூணைப் படகுகளில் ஏற்றினார்கள். தோப்ராவிலிருந்து தில்லிக்குத் தொண்ணூறு கோஸ் என்கிறார் அஃபீஃப். நீரோட்டத்தோடு தெற்கே வந்த தூண், ஃபிரோஸாபாத் கரையில் இறங்கியது. அன்று யமுனை கோட்டைச் சுவரை உரசிக்கொண்டு ஓடியது. இன்று ஆறு கிழக்கே ஒதுங்கிப் போய்விட்டது. இடையில் ரிங் ரோடு வந்துவிட்டது.

நிறுத்தியதும் அதே நிதானத்தோடுதான். கோட்டைக்குள் இருந்த ஜாமி மசூதியை ஒட்டி, கல்லும் சுண்ணாம்புமாக ஒரு மேடை எழுப்பத் தொடங்கினார்கள். ஒரு படி முடிந்ததும் தூணை அதன்மேல் ஏற்றுவார்கள். அடுத்த படி, திரும்ப ஏற்றம். இப்படிக் கட்டடமும் தூணும் கூடவே உயர்ந்தன. உச்சிக்கு வந்தபின் படுத்திருந்த தூணை எழுப்ப வேண்டும். தடித்த வடங்களின் ஒரு முனையைத் தூணின் தலையில் கட்டி, மறுமுனையைக் கயிறு சுற்றும் உருளைகளில் மாட்டினார்கள். உருளையைத் திருகினால் தூண் அரை கஜம் எழும்பும். உடனே அடியில் மரக்கட்டையும் பஞ்சு மூட்டையும் திணித்துவிடுவார்கள், திரும்ப இறங்காமல் இருக்க. அப்புறம் இன்னொரு அரை கஜம். நேராக நின்றபிறகும் நம்பவில்லை. சுற்றிலும் பெரிய மரங்களை முட்டுக்கொடுத்து, கூண்டு மாதிரி சாரம் கட்டி வைத்தார்கள். தோப்ராவிலிருந்து பெயர்த்துவந்த சதுரக்கல்லையும் அடியில் வைத்தார்கள். அந்தக் கல்லுக்காகவே எனக்கு இந்த வேலையாட்கள்மேல் ஒரு தனி மரியாதை. யார் கேட்கப் போகிறார்கள் என்று அங்கேயே விட்டுவந்திருக்கலாம்.

தூணின் தலைக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வேலைப்பாடு செய்து, அதன்மேல் தங்க முலாம் பூசிய செப்புக் கலசம் வைத்தார்கள். கலசம் என்ற பேச்சுமொழிச் சொல்லையே அஃபீஃபும் எழுதுகிறார். தூணுக்குப் பொன் மினார் என்று பொருள்படும் மினார்-இ ஸர்ரீன் என்ற பெயர் வந்தது. மசூதிக்குப் பக்கத்தில், பௌத்தம் தழுவிய அரசரின் தூண், சௌகான் அரசரின் சமஸ்கிருதம், கோயில் கோபுரத்தில் இருப்பது போன்ற கலசம். இந்தோ-இஸ்லாமியக் கட்டடக்கலை என்று பாடப்புத்தகங்கள் வளைவையும் கும்மட்டத்தையும் மட்டும் சொல்லிக்கொடுக்கின்றன. இதை எந்த வகையில் சேர்ப்பார்களோ.

பெரோஸ் ஷாவுக்கு எழுத்து உறுத்தியது. பிராமணப் பண்டிதர்களை வரவழைத்துப் படிக்கச் சொன்னார். யாராலும் முடியவில்லை. அரசர் முன்னால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போக எல்லோருக்கும் தைரியம் இருக்குமா? சிலர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: பிற்காலத்தில் சுல்தான் பெரோஸ் என்ற முஸ்லிம் அரசர் தோன்றும் வரை இந்தத் தூணை யாராலும் நகர்த்த முடியாது என்று எழுதியிருக்கிறதாம். இந்தியாவின் முதல் தர ஜால்ரா வரிசையில் இதற்கு நிச்சயம் இடம் உண்டு. கல்லில் இருந்ததோ ஆமை, அணில், கிணறு, ஆலமரம்.

1398 டிசம்பரில் தைமூர் வந்தார். தில்லியைச் சூறையாடி, மக்களைக் கொன்று குவித்து, இந்த மசூதியிலேயே தொழுதார். ஃபிரோஸாபாத் மசூதியின் அமைப்பு பிடித்துப்போய் இங்கிருந்து கல்தச்சர்களைச் சமர்கந்துக்கு ஓட்டிச் சென்றார் என்பார்கள். எத்தனையோ நாடுகள் பார்த்தும் இந்தத் தூண்களைப்போல் எங்கும் கண்டதில்லை என்று அவர் வியந்ததாக அஃபீஃப் எழுதுகிறார். கல்தச்சர்களைக் கொண்டுபோனவர் தூணைத் தொடவில்லை. சமர்கந்துக்கு யமுனை ஓடவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

ஃபிரோஸாபாத் மெல்லக் காலியானது. 1611-இல் வந்த ஆங்கிலேய வியாபாரி வில்லியம் ஃபின்ச் தூணின் உச்சியில் உருண்டையும் பிறையும் பார்த்ததாக எழுதியிருக்கிறார். சில வருஷம் கழித்து வந்த தாமஸ் கோரியட் தில்லியில் பித்தளைத் தூண் ஒன்று இருக்கிறது, அலெக்சாண்டர் போரஸை வென்றதற்கு நட்டது என்று லண்டனுக்குக் கடிதம் எழுதினார். பித்தளை என்று ஏமாந்ததற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. மௌரியர்களின் இழைப்பு அப்படி. வெயில் சாய்கிற நேரத்தில் இன்றைக்கும் அந்தக் கல் உலோகம்போல மின்னும். பீமனிடமிருந்து அலெக்சாண்டர் கைக்கு மாறியதுதான் தூண் கண்ட மாற்றம்.

ஷாஜஹான் 1639-இல் தன் புதிய நகரத்தைத் தொடங்கியபோது ஃபிரோஸாபாத் கல் குவாரியாகிவிட்டது. பழைய சுவர்களைப் பெயர்த்து இன்று நாம் பழைய தில்லி என்று அழைக்கும் ஷாஜஹானாபாத்துக்கு எடுத்துப்போனார்கள். துர்க்மான் கேட் பக்கத்துச் சந்துகளுக்குள் இருக்கும் 1387-ஆம் வருஷத்துக் கலான் மசூதி மாதிரி ஒன்றிரண்டுதான் புது நகரத்தின் உள்ளே சிக்கிப் பிழைத்தன. தூணும் பிழைத்தது. கலசம் எப்போதோ போனது. 1759-இல் முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீரை, யாரோ ஒரு ஃபக்கீர் வந்திருக்கிறார், தரிசிக்கலாம் என்று ஆசைகாட்டி இந்த இடிபாடுகளுக்குள் கூட்டிவந்து குத்திக் கொன்றார்கள்.

தம்பித் தூணின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீரட்டிலிருந்து வந்ததை பெரோஸ் ஷா ரிட்ஜ் குன்றின்மேல் தன் வேட்டை மாளிகையில் நிறுத்தினார். ஃபரூக்சியர் ஆட்சியில், 1713-க்கும் 1719-க்கும் இடையில், பக்கத்திலிருந்த வெடிமருந்து வெடித்து அது ஐந்து துண்டானது. எழுத்துள்ள பகுதியைக் கல்கத்தா ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார்கள். பிறகு துண்டுகளை ஒன்றுசேர்த்து 1867-இல் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். ஹிந்து ராவ் மருத்துவமனைக்குப் பக்கத்தில், ஒட்டுப்போட்ட தழும்போடு நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு கோட்லாவுக்கு வந்தால் இலவம்பஞ்சின் அருமை தெரியும்.

படிக்கிற ஆள் கடைசியில் கல்கத்தா நாணயச் சாலையிலிருந்து வந்தார். ஜேம்ஸ் பிரின்செப், அங்கே உலோக மாற்றுப் பார்க்கும் அதிகாரி. தில்லித் தூணின் எழுத்துப் படிகள் அவர் மேஜையில் கிடந்தன. 1837-இல் சாஞ்சி ஸ்தூபத்தின் கல்வேலியில் இருந்த சின்னச் சின்ன வாசகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஏறக்குறைய எல்லாம் ஒரே இரண்டு எழுத்திலும் ஒரு புள்ளியிலும் முடிவதைக் கவனித்தார். கோயிலுக்குக் கொடுத்தவர்கள் பெயர் வெட்டிக்கொள்கிற இடத்தில் கடைசி வார்த்தை என்னவாக இருக்கும்? தானம். ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதும் நம் ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரமே சொல்லியிருப்பார். அந்த எழுத்துகள் கிடைத்ததும் மற்றவை வரிசையாக விழுந்தன. தூண் பேசத் தொடங்கியது.

பேசியது யார் என்பதில் முதலில் தடுமாற்றம். தேவர்களுக்குப் பிரியமான பியதசி என்று வருகிறது. இலங்கை அரசராக இருக்குமோ என்று பிரின்செப் நினைத்தார். இலங்கையில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களைத் துழாவி, பியதசி என்பது அசோகர்தான் என்று எழுதி அனுப்பினார். பிரின்செப் 1840-இல் நாற்பது வயதில் இறந்தார். அவர் கண்டுபிடித்த சாவி பின்னால் நம் பக்கத்துக் குகைத்தளங்களின் தமிழ் பிராமி வரைக்கும் பயன்பட்டது. சுல்தான் பெரோஸைப் பற்றி அந்தத் தூணில் ஒன்றும் இல்லை என்பதும் ஒருவழியாக உறுதியானது.

1928 செப்டம்பரில் பகத் சிங்கும் தோழர்களும் இந்த இடிபாடுகளுக்குள் ரகசியமாகக் கூடி, தங்கள் இயக்கத்தின் பெயரில் சோஷலிஸ்ட் என்ற சொல்லைச் சேர்த்தார்கள். போலீஸ் கண்ணில் படாத பாழிடம் என்பதுதான் அன்றைக்கு கோட்லாவின் தகுதி.

இன்றைய வாழ்க்கை வேறு. வியாழக்கிழமை போனால் கூட்டம் அலைமோதும். வாசலிலேயே ரோஜா இதழ், ஊதுபத்தி, பொட்டலம் கட்டிய லட்டு விற்கிறார்கள். கோட்லாவில் ஜின்கள் வசிக்கின்றன. கேட்டதைக் கொடுக்கும் நல்ல ஜின்கள். அவர்களில் தலைமையானவர் பெயர் லாட் வாலே பாபா, அதாவது தூண்கார பாபா. பீமன், அலெக்சாண்டர், அசோகர் எல்லோருக்கும் பிறகு தூணுக்கு வந்திருக்கும் புது உரிமையாளர். இந்த வழக்கம் பழங்காலத்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இதைப் பல வருஷம் ஆராய்ந்து புத்தகம் எழுதிய ஆனந்த் விவேக் தனேஜா, ஜின்களுக்குக் கடிதம் எழுதும் வழக்கத்தை 1977 வரைதான் பின்தொடர முடிகிறது என்கிறார். நெருக்கடி நிலை முடிந்த வருஷம். பக்கத்து துர்க்மான் கேட்டில் புல்டோசர் வீடுகளை இடித்து, ஜனங்களை யமுனைக்கு அப்பால் தள்ளிய காலத்துக்கு அடுத்த மூச்சு. அரசாங்கத்தின் கதவு மூடிக்கொண்டபோது மக்கள் வேறு ஓர் அலுவலகத்தைத் திறந்துகொண்டார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அலுவலகம் என்பதை அளந்துதான் சொல்கிறேன். தூணைத் தாங்கும் கட்டடத்தின் கீழ்த்தளங்களில் சின்னச் சின்ன வளைவு அறைகள். சுவரெல்லாம் எண்ணெய்ப் புகை ஏறிக் கரேலென்று இருக்கிறது. தலைக்கு மேல் வௌவால் நாற்றம். மேலே இருக்கும் ஐந்தாவது ஆணைப்படி அவற்றை ஒன்றும் செய்யக்கூடாது. ஒவ்வொரு மாடத்திலும் விளக்கு, கிண்ணத்தில் பால், சுவரில் கடிதங்கள். வெறும் சீட்டு இல்லை, முறையான மனு. பெயர், தகப்பன் பெயர், முழு முகவரி, பாஸ்போர்ட் அளவுப் படம். வேலை வேண்டும், புருஷன் குடியை விட வேண்டும், பையன் பரீட்சை பாஸாக வேண்டும், சொத்து வழக்கு முடிய வேண்டும். முஸ்லிம், இந்து, சீக்கியர் எல்லோரும் ஒரே வரிசையில். தூணைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருப்பதால் மனு தூண் வரைக்கும் போவதில்லை. கீழ் அறைகளே தபால் பிரிவு.

ஓர் அறை வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஜெராக்ஸ் தாள்களை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தார். என் ஓட்டை இந்தியில், "ஆன்ட்டிஜி, எதுக்கு இத்தனை காப்பி?" என்று கேட்டேன்.

"எந்த ரூம்ல எந்த பாபா உட்கார்ந்திருக்காரோ, யாருக்குத் தெரியும் பேட்டா? எல்லா ரூம்லயும் ஒண்ணு போட்டுட்டா யார் கையிலயாவது கிடைக்கும்."

மகன் விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கிறானாம். வழக்குத் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. எனக்கு நாலாவது ஆணை நினைவுக்கு வந்தது. லட்சக்கணக்கான மக்களுக்குப் பொறுப்பாக ரஜ்ஜுகர் என்ற அதிகாரிகளை வைத்திருப்பதாகவும், விசாரணையும் தண்டனையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றும், மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்கு மூன்று நாள் அவகாசம் தருவதாகவும், அதற்குள் உறவினர்கள் முறையிடலாம் என்றும் அசோகர் எழுதியிருப்பது அதில்தான். மேலே நிற்கிற கல்லில் இப்படி இருக்கிறது, ஒரு பழைய ராஜாவின் உத்தரவு என்று தெரிந்த மட்டும் சொன்னேன். அவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஆபீசர் இப்ப எங்க உட்கார்றார்?"

ராஜாவுடைய ஊர் பாட்னா என்றேன்.

"பாட்னாவா? தூரம்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது காப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போனார்.